திரைக்கு ஏற்ற வடம்



வானொலியில் காட்சியைப் பற்றிப் பேசுவது சற்று வேடிக்கையான காரியந்தான். காதுக்கு மட்டுமே எட்டும் இச்சாதனத்தின் வழியே, கண்ணுக்குரிய பொருள் ஒன்றைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறோம். கணிப்பொறிக்கும் அதன் திரையாகிய மானிட்டருக்கும் இடையே ஓடும் கம்பி வடத்தைப் பற்றியதே இவ்வுரை. 'கேபிளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? இரு முனைகளையும் செருகினால் வேலை முடிந்தது' என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்பதைச் சென்ற குளிர்காலத்து வாரக் கடைசி ஒன்று நமக்கு உணர்த்திற்று.

நாம் தில்லியில், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி ஆற்றி வருகிறோம். இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் வாசம். நம் மகள் கட்டடக்கலை பயில்கிறாள். அவள் வரைபடங்களுக்காகக் கணிப்பொறி ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் உதிரி உறுப்புகள் வாங்கிச் சேர்த்து அமைத்தோம். அதற்கெனத் தனியே கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் பொருத்தப்பட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அதன் மானிட்டர் திடீரென அணைந்தது. மின்சாரம் இருந்தும் அதன் சிறு விளக்குகூட எரியவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒப்படைக்க வேண்டிய வரைபடங்களோ அக்கணிப்பொறிக்குள் இருந்தன. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே நான்கு மாத உழைப்பு பத்திரமாக இருந்தது, அதைக் காண்பதற்குத் திரை மட்டும் இல்லை.

பரணில் வேறொரு மானிட்டர் கிடந்தது நினைவுக்கு வந்தது. நம்மோடு இருபது ஆண்டுகள் பணியாற்றிய நண்பர் ஒருவர், ஓய்வு பெற்று மயிலாடுதுறைக்குத் திரும்பியபோது, 'நல்ல திரை, வீணாக்க வேண்டாம், குழந்தைக்கு உதவும்' என்று சொல்லி நம்மிடம் விட்டுச் சென்றது அது. இறக்கித் துடைத்தோம். அதனோடு நீல நிற முனைகளையுடைய கேபிளும் இருந்தது. கணிப்பொறியின் பின்புறத்தைப் பார்த்தோம். அங்கும் அதே அளவில், அதே நீல நிறத்தில், ஒரு சாக்கெட் இருந்தது. செருகினோம், கச்சிதமாகப் பொருந்தியது. இருபுறத் திருகுகளையும் முடுக்கினோம். மானிட்டரைப் போட்டோம். திரையில் ஒரு சிறு கட்டம் தோன்றி, 'நோ சிக்னல்' என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டுச் சிறிது நேரத்தில் இருண்டது.

நம் முதற்பிழை இதுவே. இதனை விளங்கிக்கொள்ள, திரையில் தோன்றும் படம் எங்கே உருவாகிறது என்பதை அறிதல் வேண்டும்.

கணிப்பொறிப் பெட்டியின் பின்புறத்தில் சாக்கெட்டுகள் இரண்டு கூட்டங்களாக இருக்கும். மேற்பகுதியில், யு.எஸ்.பி. துவாரங்களுக்கும் இணைய வடத்திற்கும் அருகில் இருப்பவை மதர்போர்டு எனப்படும் மூலப் பலகையைச் சேர்ந்தவை. அவற்றிற்குக் கீழே, தனியான உலோகப் பட்டையொன்றில் வரிசையாக அமைந்தவை கிராபிக்ஸ் கார்டைச் சேர்ந்தவை. படத்தைத் தீட்டும் வேலையைச் செய்வது அந்தக் கார்டுதான். மூலப் பலகையிலுள்ள சாக்கெட்டுகள் பேச வேண்டுமானால், நடுச் செயலியாகிய பிராசஸருக்குள்ளேயே படம் தீட்டும் பகுதி ஒன்று அமைந்திருக்க வேண்டும். எல்லாப் பிராசஸர்களிலும் அப்பகுதி இருப்பதில்லை. இருந்தாலும், தனிக் கார்டு பொருத்தப்பட்ட கணிப்பொறிகள் பலவற்றில் அது தானே ஓய்ந்துவிடும். நம் கணிப்பொறியின் பிராசஸரில் அப்பகுதி இல்லை. ஆகவே அந்த நீல சாக்கெட், ஆளில்லா வீட்டின் கதவைப் போன்றது, தட்டினோம், திறப்பாரில்லை. தனிக் கார்டு இருக்கும் கணிப்பொறியில், மானிட்டரின் வடத்தைக் கார்டிலேயே செருக வேண்டும் என்பதே முதற்பாடம். புதிய கார்டு வாங்கியவர் பலர், பழைய வழக்கப்படி மேல் சாக்கெட்டிலேயே வடத்தைச் செருகிவிட்டு, 'பணம் வீணாயிற்றே' என்று வருந்துவதுண்டு. உள்ளமைந்த பகுதி இருந்துவிட்டால் படமும் வரும். ஆனால் விலை கொடுத்து வாங்கிய கார்டு சும்மா இருக்கும்.

இப்பொழுது கார்டின் சாக்கெட்டுகளைப் பார்ப்போம். படம் காட்ட இயலாத குறையைச் சொல்லால் நிரப்ப முயல்கிறோம். நேயர்கள் தங்கள் வீட்டுக் கணிப்பொறியின் பின்புறத்தை மனத்தில் கொண்டு கேட்பார்களாக.

முதலாவது வி.ஜி.ஏ. நாம் சொன்ன நீல நிற முனை இதுதான். மூன்று வரிசைகளில் ஐந்தைந்தாகப் பதினைந்து பின்கள்; இருபுறமும் திருகாணிகள். 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் கணிப்பொறிகளோடு வெளியிட்ட முறை இது. இதில் செல்வது அனலாக் மின்குறி. அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் ஏற்ற இறக்கம், மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகவே ஓடும். வீணையின் தந்தியிலே விரல் இழையும்போது ஒலி படிப்படியாக இழைந்து செல்வதுபோல் என்று கொள்ளலாம்.

இரண்டாவது டி.வி.ஐ. இது 1999-இல் வந்தது. அகன்ற, பெரும்பாலும் வெண்ணிறமான முனை. மூன்று வரிசைப் பின்களும், ஓரத்தில் தட்டையான அலகு ஒன்றும் இருக்கும். இதில் செல்வது டிஜிட்டல் மின்குறி. 2013-ஆம் ஆண்டு ஜூலையில் நம் நாட்டில் விடைபெற்ற தந்தி சேவையைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அதில் புள்ளியும் கோடுமாகச் செய்தி சென்றதுபோல, இதில் ஒன்றும் சுழியுமாகப் படம் செல்கிறது.

மூன்றாவது எச்.டி.எம்.ஐ. இதன் முதல் வரையறை 2002 டிசம்பரில் வெளியாயிற்று. தொலைக்காட்சிப் பெட்டிகளில் நாம் அன்றாடம் காண்பது. தட்டையான முனை; கீழ்ப்பக்கத்து இரு மூலைகளும் உள்வாங்கிச் சரிந்திருக்கும்; பின்கள் பத்தொன்பது. படத்தோடு ஒலியும் செல்லும்.

நான்காவது டிஸ்ப்ளேபோர்ட். இதனை வெசா என்னும் தர அமைப்பு 2006-இல் வெளியிட்டது. பார்வைக்கு எச்.டி.எம்.ஐ. போலவே இருக்கும், ஆனால் ஒரே ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும், பின்கள் இருபது. இதன் வடங்கள் பலவற்றில் சிறு கொக்கிகள் உண்டு. கழற்றும்போது முனையின் மேலுள்ள பொத்தானை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். அழுத்தாமல் பலங்கொண்டு இழுத்தால், வடத்தோடு சாக்கெட்டும் வந்துவிடக் கூடும்.

இவையன்றி, யு.எஸ்.பி. டைப்-சி எனும் சிறு நீள்வட்ட முனையும் இக்காலத்தில் படத்தை ஏந்திச் செல்கிறது. ஆயினும் அவ்வடிவமுள்ள துவாரம் யாவும் அவ்வேலையைச் செய்வதில்லை. சில துவாரங்கள் மின்னேற்றத்திற்கும் கோப்புகளுக்கும் மட்டுமே. கருவியின் விவரக் குறிப்பைப் பார்த்தே தெளிய வேண்டும்.

இனி நம் கதைக்குத் திரும்புவோம். நம் கார்டில் இருந்தவை இரண்டே: எச்.டி.எம்.ஐ. ஒன்று, டி.வி.ஐ. ஒன்று. நண்பர் தந்த மானிட்டரில் இருந்தவையும் இரண்டே: வி.ஜி.ஏ. ஒன்று, டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று. ஒன்றுக்கொன்று உறவில்லை. சனிக்கிழமை மாலை நேரு பிளேசுக்கு விரைந்தோம். கடைக்காரரிடம், 'ஒரு பக்கம் எச்.டி.எம்.ஐ., மறுபக்கம் டிஸ்ப்ளேபோர்ட், அப்படி ஒரு கேபிள் வேண்டும்' என்று இந்தியில் கேட்டோம். உடனே எடுத்துத் தந்தார். விலையும் மலிவு. வீட்டிற்கு வந்து செருகினோம். இரு முனைகளும் அளவெடுத்துச் செய்தவை போல் பொருந்தின. படம் மட்டும் வரவில்லை. மீண்டும் அதே 'நோ சிக்னல்'.

அப்பொழுது நம் மனம் சென்ற திசையைச் சொல்லவே நாணுகிறோம். 'பழுதானதை நம் தலையில் கட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தாரே' என்று நண்பர்மேல் ஐயம் எழுந்தது. பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரர் ஞாயிறு காலையில் வருவார். அவரிடம் போட்டுவிடலாம் என்று அந்த மானிட்டரைத் தூக்கிவந்து வாசற்கதவருகில் சாய்த்தும் வைத்துவிட்டோம். மகள் மேசையில் தலை கவிழ்ந்திருந்தாள். கடைகளோ ஞாயிறன்று அடைப்பு.

சற்று நேரங்கழித்து அவள் எழுந்து, கேபிள் வந்த அட்டைப்பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்புறத்தில், பொடி எழுத்தில், ஓர் அம்புக்குறியோடு அச்சிட்டிருந்தது: டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கணிப்பொறியிலிருந்து எச்.டி.எம்.ஐ. உள்ள திரைக்கு, எதிர்த்திசையில் இயங்காது. 'அப்பா, நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்' என்றாள்.

நேயர்களே, நாம் செய்யும் தொழில் மொழிபெயர்ப்பு. எம்மொழியிலிருந்து, எம்மொழிக்கு என்னும் இரண்டு உருபுகளின்மேல் நிற்கும் தொழில் அது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பவர் அனைவரும் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குப் பெயர்க்க வல்லவர் அல்லர் என்பதை நாம் அறிவோம். அப்படியிருந்தும் கடையில் 'ஒரு பக்கம் இது, மறுபக்கம் அது' என்று கேட்டோமேயன்றி, 'இதிலிருந்து அதற்கு' என்று கேட்கவில்லை. கடைக்காரர் நாம் கேட்டதைத் தந்தார், அவர்மேல் குற்றமில்லை.

முனை பொருந்துவது வேறு. பேச்சு பொருந்துவது வேறு. இவ்வுரையின் சாரம் இவ்வளவே. இதனைச் சற்று விரிப்போம்.

சில முறைகளுக்கிடையே மொழி ஒன்றே. எழுத்து மட்டுமே வேறு. டி.வி.ஐ. டிஜிட்டலும் எச்.டி.எம்.ஐ.-யும் அத்தகையவை. இரண்டிலும் படத்திற்குரிய மின்குறி அடிப்படையில் ஒரே வகையைச் சேர்ந்தது. ஆகையால் இவற்றை இணைக்கக் கம்பிகளை உரிய பின்களோடு சேர்த்த எளிய வடமே போதும். இரு திசைகளிலும் இயங்கும். தமிழ்ப் பாட்டொன்றைத் தேவநாகரி எழுத்தில் எழுதிப் பாடுவதைப் போன்றது இது. பாட்டு மாறுவதில்லை. டி.வி.ஐ. வழியே சாதாரணமாக ஒலி செல்வதில்லை என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். ஒலிபெருக்கிக்குத் தனி வடம் தேவைப்படும்.

டிஸ்ப்ளேபோர்ட்டின் மொழி வேறு. ஆயினும் கணிப்பொறிகளிலுள்ள டிஸ்ப்ளேபோர்ட் சாக்கெட்டுகளில் பெரும்பாலானவை இருமொழி கற்றவை. அவற்றின் அருகே டி, பி என்ற எழுத்துகளோடு இரண்டு கூட்டல் குறிகள் பொறித்திருப்பதைக் காணலாம். மறுமுனையில் எச்.டி.எம்.ஐ. அடாப்டர் இருக்கிறது என்று அறிந்தால், கார்டே அம்மொழியில் பேசத் தொடங்கிவிடும். அதனால் டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கணிப்பொறியிலிருந்து எச்.டி.எம்.ஐ. உள்ள திரைக்கு மலிவான வடமே போதுமானதாகிறது. எதிர்த்திசையிலோ, கார்டின் எச்.டி.எம்.ஐ. சாக்கெட்டுக்கு டிஸ்ப்ளேபோர்ட் மொழி தெரியாது. மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட் சாக்கெட்டுக்கு எச்.டி.எம்.ஐ. மொழி புரியாது. இடையே மெய்யான மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். அவரே ஆக்டிவ் கன்வர்ட்டர் எனப்படும் மாற்றுக் கருவி. உள்ளே சில்லு ஒன்று இருந்து, வரும் மின்குறியை வாங்கி, வேறு மின்குறியாக ஆக்கித் தரும். உழைப்பவருக்கு உணவு வேண்டுமன்றோ? ஆகவே இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் யு.எஸ்.பி. வடம் ஒன்றால் தனியே மின்சாரம் பெறும். எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு என்று விற்கப்படும் பொருளில் அத்தகைய மின்வழி இல்லையெனில், ஒருமுறைக்கு இருமுறை விசாரித்து வாங்குவது நலம்.

டிஜிட்டலிலிருந்து வி.ஜி.ஏ.-க்குச் செல்வதற்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஒன்றையும் சுழியையும் அலையாக மாற்ற வேண்டுமே! இங்கு ஒரு நுட்பம் உண்டு. பழைய கார்டுகளில் டி.வி.ஐ.-ஐ என்னும் வகை சாக்கெட் இருந்தது. அதன் தட்டை அலகைச் சுற்றி நான்கு பின்களுக்குரிய துளைகள் இருக்கும். அவற்றின் வழியே அனலாக் மின்குறியும் வந்தமையால், சிறு அடாப்டர் ஒன்றை மாட்டி வி.ஜி.ஏ. திரையை இணைத்து வந்தோம். பின்னர் வந்த கார்டுகளில் இருப்பது டி.வி.ஐ.-டி. அதில் அந்த நான்கு துளைகள் இல்லை, அனலாக்கும் இல்லை. பழைய அடாப்டர் அதற்குள் நுழையாது. நுழையவில்லையே என்று பின்களை ஒடித்து நுழைத்தவர்களும் உளர். அவர்களுக்குக் கிடைத்தது இருட்டே.

வி.ஜி.ஏ. ஏன் மறைந்து வருகிறது என்று சிலர் கேட்கலாம். இன்டெல், ஏ.எம்.டி. முதலிய நிறுவனங்கள் 2015-க்குள் அதனைக் கைவிடப்போவதாக 2010 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டன. ஆனால் திரைகளின் ஆயுள் கார்டுகளின் ஆயுளைவிட நீண்டது. ஆகவேதான் பழைய திரையும் புதிய கார்டும் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று விழித்துப் பார்க்கும் காட்சி நம் இல்லங்களில் ஓயாமல் நிகழ்கிறது.

சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. கீழ்த்தளத்தில் வசிக்கும் ஒடியா நண்பர் ஒருவர் பள்ளி ஆசிரியர். வகுப்பறையின் பழைய புரொஜெக்டருக்காக அவர் எப்போதும் பையில் ஓர் அடாப்டர் வைத்திருப்பது மகளுக்குத் தெரியும். படியிறங்கி ஓடினாள், கொண்டு வந்தாள். கட்டைவிரல் அளவே இருந்தது அது. ஒரு புறம் எச்.டி.எம்.ஐ. பிளக், மறுபுறம் நீல நிற வி.ஜி.ஏ. சாக்கெட். கார்டின் எச்.டி.எம்.ஐ.-யில் அதனைச் செருகி, நண்பர் மானிட்டரோடு தந்த அதே நீலக் கேபிளை மாட்டினோம். கதவருகே சாய்ந்திருந்த மானிட்டரை மீண்டும் மேசைமேல் ஏற்றினோம். ஒரு கணம் இருள். மறுகணம் மகளின் வரைபடம் திரை முழுவதும் விரிந்தது. சிறிது நேரங்கழித்து அந்த அடாப்டரைத் தொட்டுப் பார்த்தோம், இளஞ்சூடாக இருந்தது. எச்.டி.எம்.ஐ. சாக்கெட் தரும் சிறிதளவு மின்சாரத்தைக் கொண்டே அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

கோடுகள் முன்போல் அத்தனை கூர்மையாக இல்லை. அலையாக மாறி, மீண்டும் திரைக்குள் எண்ணாக மாறுகையில் கூர்மை சிறிது மழுங்குவது இயல்பே. மானிட்டரின் பட்டியிலுள்ள தானியங்கிச் சீரமைப்பை ஒருமுறை அழுத்தியதும் பெரும்பகுதி தெளிந்தது. வரைபடங்கள் திங்கட்கிழமை பத்து மணிக்கு முன்பே கல்லூரி சேர்ந்தன. அவ்வாரமே உரிய திசையில் இயங்கும் கன்வர்ட்டர் ஒன்றை வாங்கி டிஸ்ப்ளேபோர்ட்டிலேயே இணைத்துவிட்டோம்.

இன்னொன்றையும் அன்றிரவு உணர்ந்தோம். 'நோ சிக்னல்' என்று சொல்வதற்குத் திரைக்கு உயிர் இருக்க வேண்டும். இறந்த திரை எதையும் சொல்லாது. வெள்ளிக்கிழமை அணைந்த மானிட்டர் ஒன்றும் சொல்லவில்லை. நண்பரின் மானிட்டரோ, 'நான் நலமாக இருக்கிறேன். எனக்குச் செய்தி வரவில்லை' என்று இருமுறை சொல்லிற்று. நாம்தான் அதனைக் கேட்கவில்லை. ஆகவே 'நோ சிக்னல்' என்று கண்டால் மானிட்டரைக் குறைகூறு முன், வடம் கார்டில் இருக்கிறதா, மானிட்டரின் பட்டியில் சரியான வழி தெரிவு செய்யப்பட்டுள்ளதா, வடத்தின் திசை சரியா என்ற மூன்றையும் பார்ப்பது முறை. மெய்யாகவே பழுதான திரையையும் கண்டவரிடம் போடுதல் தகாது. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேர வேண்டும்.

புதிய திரை வாங்குவோருக்கும் ஒரு சொல். முனையும் மொழியும் பொருந்தினாலும், பாதை குறுகலாயிருந்தால் பயணம் தடைப்படும். கணக்கிட்டுப் பார்ப்போம். 1920-க்கு 1080 என்னும் சாதாரணத் திரையில் ஏறக்குறைய 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். வினாடிக்கு 60 முறை, புள்ளிக்கு 24 பிட் என்று கொண்டால், வினாடிக்கு ஏறக்குறைய 3 கிகாபிட் செல்ல வேண்டும். 4-கே எனப்படும் 3840-க்கு 2160 திரையில் புள்ளிகள் நான்கு மடங்கு. ஆகவே 12 கிகாபிட் அளவு. எச்.டி.எம்.ஐ. 1.4 முறையின் மொத்தக் கொள்ளளவு 10.2 கிகாபிட் மட்டுமே. அதனால் அம்முறையிலமைந்த கார்டில் 4-கே திரை வினாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். சுட்டிக்குறி தத்தித் தத்திச் செல்லும். 2013-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.0-இன் கொள்ளளவு 18 கிகாபிட். 2017-இல் வந்த 2.1-இன் கொள்ளளவு 48. டிஸ்ப்ளேபோர்ட்டில் 1.2 எனும் பதிப்பே 21.6 கிகாபிட் தாங்கும். கார்டு, வடம், மானிட்டர் ஆகிய மூன்றில் எது குறைந்ததோ, அதுவே முழுவதன் அளவாகும்.

எச்.டி.எம்.ஐ. வடத்தை வாங்கும்போது எண்ணைவிடப் பெயரைப் பார்ப்பது நல்லது. 4-கே திரையை 60 முறையில் காண 'பிரீமியம் ஹை ஸ்பீட்' எனவும், அதற்கு மேற்பட்டதற்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' எனவும் சான்று முத்திரை இருக்கும். சாதாரணத் திரைக்கு இவை தேவையில்லை. தங்க முலாம் பூசிய முனை என்பதற்காக மூன்று மடங்கு விலை தருவதும் தேவையில்லை. டிஜிட்டல் மின்குறி சேர்ந்தால் முழுமையாகச் சேரும். தளர்ந்தால் மினுக்கும், புள்ளி தெறிக்கும், விட்டுவிட்டு இருளும். மேசைக்கு வேண்டிய அளவு, இரண்டு மீட்டருக்குள் இருப்பது உத்தமம்.

மாட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கணிப்பொறியையும் மானிட்டரையும் அணைத்துவிடுக. முனையின் வடிவத்தைப் பார்த்து, நேராகச் செருகுக. தயங்கினால் திருப்பிப் பார்க்கவே வேண்டும், அழுத்தக் கூடாது. திருகாணியுள்ள முனைகளை விரலால் மட்டும் முடுக்குக. முதலில் மானிட்டரையும் பிறகு கணிப்பொறியையும் போடுக. படம் வந்தபின், கணிப்பொறியின் காட்சி அமைப்பைத் திறந்து, திரையின் முழு அளவும் புதுப்பிப்பு வேகமும் தெரிவாகியுள்ளனவா என்று காண்க. 144 ஹெர்ட்ஸ் திரையை வாங்கி, 60-லேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர் பலருண்டு.

தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லேமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, கல்கத்தாவில் சாந்தினி சந்தை என்று, நம் மக்கள் எந்நகரில் வாழினும் இவ்வடங்கள் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. அங்குள்ள மொழி நமக்குச் சரளமாக வராமலிருக்கலாம். கவலை வேண்டா. கார்டின் பின்புறத்தையும் மானிட்டரின் பின்புறத்தையும் கைப்பேசியில் படமெடுத்துச் செல்க. இரண்டு படங்களையும் காட்டி, 'இதிலிருந்து இதற்கு' என்று விரலால் சுட்டினால் போதும். திசையைச் சொல்லாமல் சரளமாகப் பேசிய நாம் ஏமாந்தோம். திசையைச் சுட்டிக் காட்டுபவர் பேசாமலே பெறுவார்.

மயிலாடுதுறை நண்பருக்கு அந்த ஞாயிறன்றே தொலைபேசியில் நன்றி சொன்னோம். 'திரை இன்னும் நன்றாக இருக்கிறதா?' என்று மகிழ்ந்தார். வாசற்கதவருகே அதனைச் சாய்த்து வைத்ததையும், அவர்மேல் கொண்ட ஐயத்தையும் மட்டும் அன்று சொல்லவில்லை. இன்று சொல்லிவிட்டோம். அவர் பொறுத்தருள்வார் என நம்புகிறோம்.